புது வெர்ஷன் வந்திருக்கு, மெஷினைக் கொடுங்க

மற்ற மெக்கானிக்குகள் கெட்டுப்போன மெஷினை வாங்கிச் சரிசெய்து கொடுப்பார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை வாங்கி, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, வேறொன்றைப் போட்டுக் கொடுப்பது என் தொழிலாக இருந்தது.

'புதிய பதிப்பு தயார், இப்போதே ஏற்றவா?' என்று உங்கள் கைப்பேசி கேட்கும்போது உங்கள் விரல் பின்வாங்குகிறதா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். அந்தப் பயத்தை எண்பதுகளிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு அனுபவித்தவன் நான். இன்று என் மகள் சிங்கப்பூரில், செங்காங் வட்டார வீட்டில் உட்கார்ந்தபடியே, லினக்ஸ் ஓடும் கையடக்கக் கருவிகளுக்குத் தீவு முழுக்கப் புது ப்ரோகிராம் அனுப்பிவிடுகிறாள். அனுப்பிவிட்டு நகத்தைக் கடிக்கிறாள். அதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். லினக்ஸ் பிறப்பதற்கு முன்பே நான் என் நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டேன்.

எங்கள் காலத்து மெஷின் ஒரு செங்கல் அளவு. ஒரே ஒரு வரி தெரியும் திரை, அதிலும் ஆங்கில எழுத்து மட்டும். ப்ரோகிராம் கேசட்டில் இருக்கும், பாட்டுக் கேசட் மாதிரியே. டேப் ரிக்கார்டரிலிருந்து மெஷினுக்கு ஒயரைச் சொருகி, பிளே பட்டனை அழுத்தினால், கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டே ப்ரோகிராம் உள்ளே போகும். பேட்டரி இருக்கும்வரை அங்கேயே இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் மெஷினுக்குத் தன் பெயரே மறந்துவிடும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

துறைமுகத்தை விட்ட மாப்பிள்ளை

அதற்கு முன் நான் துறைமுகத்தில் குமாஸ்தா. நிரந்தர வேலை. பொழுதுபோக்காகச் சாயங்கால வகுப்பில் ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன், அது பிடித்துப்போயிற்று. துறைமுகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த லிம்மின் சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். லிம் என்னைத் தற்காலிகமாகத்தான் எடுத்தார். எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கை ஒரு ரொட்டிக் கம்பெனி. வேனில் போய்க் கடை கடையாக ரொட்டி போடுகிறவர்கள், எந்தக் கடைக்கு எத்தனை போட்டோம் என்பதை எங்கள் மெஷினில் தட்டிக்கொண்டு வருவார்கள். எனக்கு முன்னால் யாரோ எழுதிய ப்ரோகிராம், ஆமை வேகம். அங்கே மேனேஜர் மேடம் கோ. வேகமான புது வெர்ஷன் வேண்டும், அது ஒழுங்காக ஓடினால் எல்லா வேனுக்கும் மெஷின் வாங்குவேன், ஓடாவிட்டால் இருக்கிறதையும் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று அந்த அம்மாள் தீர்த்துச் சொல்லியிருந்தார். லிம் அதை எனக்கு இன்னும் சுருக்கினார். மேடம் கோ சரி என்றால் நான் நிரந்தரம். வேண்டாம் என்றால் நானும் இல்லை, கம்பெனியும் இல்லை.

அப்போதுதான் ஈசூனில் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தோம். என் மனைவி ஃபிலோமினா வயிற்றில் இப்போது செங்காங்கில் நகம் கடிக்கிற அந்தப் பிள்ளை. எனக்கு உண்மையிலேயே பயமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் மாமனார் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கோழிக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, கையைக் கழுவாமலே ஆரம்பிப்பார்: "மாப்பிள்ளே, கப்பல் வரும், போகும். துறைமுகம் எங்கயும் போகாது. அதைப் போய் விட்டுட்டு கால்குலேட்டர் பின்னாடி ஓடுறீங்களே!"

முதல் எண் லாபம்

சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை வைத்திருந்த சுப்பையா அண்ணன், கடை மூடும்முன் மோதிரம், தோடு எல்லாவற்றையும் எண்ணிப் பெட்டியில் வைப்பதற்காக எங்களிடம் ஒரு மெஷின் வாங்கினார். ஒரு நகையை எடுத்து வைத்தால் ஒரு தட்டு. திரையில் எண் ஒன்று ஏறும். வாங்கிய மறுநாளே ஆள் அனுப்பினார். மெஷின் தப்பாக எண்ணுகிறதாம். நான் ஓடினேன். அவர் ஒரு மோதிரத்தை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். திரையில் 1 வந்தது. "பாத்தீங்களா?" என்றார். சரியாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நம் வியாபாரிகள் எதை எண்ணினாலும் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். எனக்குத் தெரிந்ததுதான், மெஷினுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஆபீஸுக்கு வந்து, முதல் எண் வரும்போது மட்டும் LABAM என்று காட்டும்படி ப்ரோகிராமை மாற்றினேன். வாடிக்கையாளர் கேட்டபடி மெஷினை மாற்றிக் கொடுப்பது என்றால் என்ன என்று அன்றுதான் புரிந்தது. லிம் அந்தப் பக்கம் வந்தவர் சும்மா எடுத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். LABAM என்றதும் பதறிப்போய், இது என்ன எர்ரர் என்றார். லாபம் என்று அர்த்தம், எங்கள் ஆட்கள் எண்ணத் தொடங்கும்போது அதைத்தான் முதலில் சொல்வார்கள் என்று விளக்கினேன். லிம் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன். சிங்கப்பூர்க்காரர்கள் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒட்டுகிற லா மட்டும் அவருடையதே. கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த எர்ரர் நல்லா இருக்கே. நம்ம ஆபீஸ் மெஷின்லயும் போட்டு வை லா."

பொட்டு வைத்த மெஷின்

அதே சுப்பையா அண்ணன் கடைக்கு, ஆயுத பூஜை முடிந்த வாரம் புது வெர்ஷன் போடப் போனேன். ஒயரைச் சொருகினால் உள்ளே போகவில்லை. அழுத்திச் சொருகினால் போயிற்று. ஆனால் பிளே பட்டனைத் தட்டினால் டேப் கத்துகிறது, மெஷின் கேட்கவில்லை. ஒயரை மாற்றினேன். டேப் ரிக்கார்டரை மாற்றினேன். சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். பழைய ப்ரோகிராமை ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தேன் என்பதால் எனக்கு வியர்த்துவிட்டது. கடையில் கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்த கூட்டம் வேறு, டேப் போடும் கீச்சுச் சத்தத்தைக் கேட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

கடைசியில் ஒயரைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். கமகமவென்று சந்தனம்! பூஜையன்று தராசு, கல்லாப்பெட்டி, உரைகல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர்கள், இந்த மெஷினை மட்டும் விடுவார்களா? பொட்டு வைக்க வாகாக ஒரு குழி தேடியிருக்கிறார்கள். ஒயர் சொருகும் ஓட்டை கிடைத்திருக்கிறது. சந்தனத்தை நிரப்பி, மேலே குங்குமமும் வைத்து, அது நன்றாகக் காய்ந்தும் போயிருந்தது.

பல் தேய்க்கும் பிரஷும் ஸ்பிரிட்டும் வாங்கி வரச்சொல்லிச் சுரண்டி எடுத்தேன். டேப் கத்தியது, மெஷின் கேட்டது, LABAM வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுப்பையா அண்ணன் மெஷினை வாங்கி, துடைத்த ஓட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்பவும் யோசனையோடு கேட்டார்: "உள்ளே இருந்ததை எடுத்துட்டுப் புதுசுதானே போட்டிருக்கீங்க? அப்ப திரும்பப் பொட்டு வைக்கணும்ல?"

வெயிலில் காய்ந்த பேட்டரி

இனி ரொட்டிக் கம்பெனிக்கு வருகிறேன். அங்கே வேன்காரர்களில் மூத்தவர் வீராசாமி அண்ணன். எந்தக் கடைக்காரர் எந்த நேரத்தில் சிடுசிடுப்பார் என்பது வரைக்கும் அறிந்தவர். அவருடைய மெஷின் மட்டும் ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் வெறும் மெஷினாக வரும். ப்ரோகிராம் இருக்காது. நானும் போட்டுக் கொடுப்பேன். அடுத்த விடுமுறை கழிந்ததும் மறுபடியும் சுத்தமாகத் துடைத்த பலகை. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து வேறு மெஷின் கொடுத்தேன். அதுவும் அப்படியே.

ஒருநாள் விசாரித்தேன், விடுமுறையில் மெஷினை என்ன செய்வீர்கள் அண்ணே என்று. ஒன்றும் செய்யமாட்டேன், பத்திரமாக வைத்திருப்பேன் என்றார். பேட்டரி? பேட்டரியைக் கழற்றிச் சன்னல் கட்டையில் வெயிலில் வைப்பாராம். டார்ச் லைட் பேட்டரிக்கு வீட்டில் செய்கிற வைத்தியம்தான். என் அப்பாவும் செய்ததுதான். பேட்டரியைக் கழற்றினால் ப்ரோகிராம் போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன். அவருக்கு என்மேல்தான் கோபம் வந்தது. "டார்ச் லைட்டு பேட்டரியைக் கழட்டிக் காய வெச்சு மாட்டினா முன்னைக்கு இன்னும் பளிச்சுன்னு எரியுது. உங்க மெஷினு மட்டும் எல்லாத்தையும் மறந்துடுது. இது மெஷினா, எங்க மாமியாரா தம்பி?"

சுருதி இல்லாத கேசட்

ரொட்டிக் கம்பெனிக்கான வேகமான வெர்ஷனை வீட்டிலும் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் பதிவு செய்ய முடியாது என்பது கேசட் காலத்து ஆட்களுக்கெல்லாம் தெரியும். அந்த நாக்கை உடைத்து, பெயர்கூட எழுதி, டேப் ரிக்கார்டர் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தேன். நான் ஆபீஸில் இருந்த நேரத்தில் எங்கள் கோவில் பாடற்குழுத் தலைவர் ஆரோக்கியம் அண்ணன் வந்திருக்கிறார். பாட்டுப் பயிற்சியைப் பதிவு செய்ய ஒரு கேசட் வேண்டும் என்றிருக்கிறார். ஃபிலோமினா, இருக்கிறதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் மாலை நான் கேசட்டைத் தேடினேன். அது திரும்பி வந்திருந்தது. நாக்கு உடைந்த இடத்தில் அழகாக செலோடேப் ஒட்டியிருந்தது. போட்டுக் கேட்டேன். கீச்சு கீச்சென்று கத்தவேண்டிய இடத்தில் நாலு குரலில் கிறிஸ்துமஸ் பாட்டு, நடுவே யாரோ இருமல். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் கோ, லிம், மாமனார் மூவரும் வரிசையாகக் கண்முன் வந்து போனார்கள். அப்போதுதான் ஃபிலோமினா, "ஏங்க, நீங்க பையில தூக்கிட்டுத் திரியற மெஷினுக்குள்ள அது இல்லியா?" என்றாள். இருந்தது! முந்தின நாள் சோதித்துப் பார்த்தபோது ஏற்றியது அப்படியே இருந்தது. பேட்டரி வாழ்க! மெஷினிலிருந்து புதுக் கேசட்டுக்கு எதிர்த்திசையில் பதிவு செய்து எடுத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் ஆரோக்கியம் அண்ணனைப் பிடித்தேன். நாக்கு உடைத்திருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: "போட்டுக் கேட்டேன் தம்பி. ஒரே இரைச்சல், சுருதியே இல்லே. பாழாப் போன கேசட்டு, பாவம், கர்த்தர் பாட்டுக்காவது ஆகட்டும்னு நெனைச்சேன்."

ஆளுக்கு ஒரு சட்டை

புது வெர்ஷனில் என்னென்ன வேண்டும் என்று வேன்காரர்களைக் கேட்டு வா என்று லிம் அனுப்பினார். இந்தத் தொழிலில் அப்படிக் கேட்கவே கூடாது. ரஹீம் என்பவருக்கு, விசையைத் தட்டினால் வரும் பீப் சத்தம் வேண்டாம். அவர் போகும் கடைகளுக்கு மேலே வீடுகள், விடியற்காலையில் பிள்ளைகள் எழுந்து அழுகின்றனவாம். வீராசாமி அண்ணனுக்குப் பீப் இன்னும் பலமாக வேண்டும். வேன் இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னொருவருக்குப் பன் முதலில் வரவேண்டும், ரொட்டி பிறகு. மற்றொருவர், காலையில் மெஷினைப் போட்டதும் குட்மார்னிங் சொன்னால் தேவலை என்றார். சொல்லவைத்தேன். மறுநாள் பக்கத்து வேன்காரர், எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று முறைத்தார்.

மேடம் கோவுக்கும் ஒரு ஆசை இருந்தது. பல கடைகள் எல்லாச் சாமானிலும் ஒரே எண்ணிக்கைதான் வாங்குகின்றன; திரும்பத் திரும்ப எண்ணைத் தட்டுவானேன்? எண்ணே தட்டாமல் வெறும் ENTER விசையை மட்டும் அழுத்தினால், முன் சாமானுக்குப் போட்ட எண்ணையே மெஷின் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். நல்ல யோசனை. அதையும் சேர்த்தேன். எல்லாவற்றையும் போட்டு வரிசையாக மேசையில் அடுக்கினால், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. லிம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தார்: "நான் உன்னைக் கம்ப்யூட்டர் வேலைக்குத்தானே எடுத்தேன்? இது டைலர் கடை மாதிரி இருக்கே லா."

விற்றுப்போன பன்

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வேன்கள் திரும்பி வந்ததும், மேடம் கோ முன்னிலையில் எல்லா மெஷினிலும் புது வெர்ஷன் போட்டேன். வேன்காரர்களை உட்காரவைத்துப் பழக்கினேன். மேடம் பின்னால் நின்றதால் எல்லாரும் பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி ஒவ்வொரு விசையாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்கள். ஒரு தப்பு இல்லை. நான் மிதந்துகொண்டே ஈசூன் போய்ச் சேர்ந்தேன்.

திங்கட்கிழமை வேன்கள் திரும்பும் நேரத்துக்குப் போனேன். வாசலிலேயே தெரிந்துவிட்டது. பசார் சந்தைக் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். இருபது ரொட்டி வாங்கியவருக்கு இருபது தேங்காய் பன்னும் வாங்கியதாகச் சீட்டு போயிருக்கிறது. இன்னொருவருக்கு முப்பது ரொட்டி, முப்பது பன். மெஷின்படி கம்பெனி வரலாற்றிலேயே அப்படித் தேங்காய் பன் விற்றதில்லை. வேனைத் திறந்தால், விற்றுப்போன பன் அத்தனையும் உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

நான் ஆபீஸில் எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்த ப்ரோகிராம்; ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லை. மெஷினை வாங்கி அங்கேயே நின்று தட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. அது இன்னும் மோசம். தப்பு தெரிந்தால் திருத்தலாம். தப்பே செய்யாத மெஷினை என்ன செய்வது? மேடம் கோ ஒரு தேங்காய் பன்னை எடுத்து என் கையில் வைத்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "இந்த வாரம் முடியட்டும். அதுக்குள்ள சரியா வரலேன்னா இந்த பன்னையும் மெஷினையும் சேத்து உங்க பாஸுக்கு அனுப்பறேன்."

வீராசாமி அண்ணனின் விரல்

அடுத்த நாள் விடிவதற்குள் வீராசாமி அண்ணன் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். முந்தின இரவு ஃபிலோமினா, வேலை போனால் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதும் தைரியம் வருவதற்குப் பதிலாக அழுகைதான் வந்தது. வேனுக்குள் சூடான ரொட்டி வாசம்.

முதல் காப்பிக்கடையில் நிறுத்தினார். ரொட்டித் தட்டை ஒரு கையில் தூக்கி, மெஷினை மறு கையில் பிடித்து, கண்ணைக் கடைக்காரரின் அலமாரிமேல் வைத்துக்கொண்டே, கட்டைவிரலால் எண்ணைத் தட்டினார். பிறகு ENTER. டக் டக். நான் உற்றுப் பார்த்தேன். அடுத்த கடையிலும் டக் டக். அதற்கடுத்த கடையிலும். ஒரு இடத்திலும் ஒரே டக் இல்லை. "அண்ணே, ஏன் ரெண்டு தரம் தட்டறீங்க?" என்றேன். "ரெண்டு தரமா? நானா? ஒரு தரம்தானே தட்டறேன்" என்றார். சத்தியமாக அவருக்கே தெரியாது. பழைய ப்ரோகிராம் ஆமை அல்லவா? ஒரு தட்டுத் தட்டினால் கேட்டதா இல்லையா என்று தெரியாது. அதனால் எல்லாருமே இன்னொரு தட்டும் தட்டிப் பழகிவிட்டார்கள். ஆமை முதல் தட்டைச் சீரணித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது தட்டைக் கவனிக்காது, யாருக்கும் நஷ்டமில்லை. என்னுடைய முயலோ முதல் தட்டை உடனே விழுங்கிவிட்டு, இரண்டாவது தட்டையும் விழுங்கியது. வெறும் ENTER வந்தால் முன் எண்ணையே எடுத்துக்கொள் என்று வேறு சொல்லிவைத்திருந்தேனே! ரொட்டிக்குப் போட்ட இருபது, அப்படியே தேங்காய் பன்னுக்கும் போயிற்று. மேடம் பின்னால் நின்றபோது பயத்தில் ஒரு தட்டு. ரோட்டில் வந்தால் பழக்கத்தில் இரண்டு தட்டு. நான் ஆபீஸில் எத்தனை வருஷம் சோதித்திருந்தாலும் அகப்பட்டிருக்காது.

காப்பிக்கடை வாசலில் நின்று கைகொட்டிச் சிரித்தேன். அப்பாடா! தப்பு என்னவென்று தெரிந்துவிட்டதே! வீராசாமி அண்ணன் பயந்துவிட்டார். ஒரு காப்பி வாங்கி என் கையில் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வேலை போனா போவுது தம்பி. எங்க கம்பெனில ரொட்டி தூக்க ஆள் எடுக்கறாங்க."

ஒன்றும் செய்யாத ஒரு வரி

ஒரே தட்டுத் தட்டுங்கள் என்று வேன்காரர்களுக்குப் பாடம் எடுக்கலாம் என்றார் லிம். எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டாவது தட்டு தட்டுகிறோம் என்பதே தெரியாதவர்களிடம் அதை விடச்சொல்வது எப்படி? நான் ஆபீஸில் உட்கார்ந்து ஒரே ஒரு வரி எழுதினேன். ENTER தட்டியதும், ஒன்றும் செய்யாமல் உனக்குள்ளேயே கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டிரு, அதற்குள் விழும் தட்டைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று மெஷினுக்கு உத்தரவு. வேகமாக ஓடவைக்க அத்தனை நாள் பாடுபட்டவன், அதைத் தாமதப்படுத்த ஒரு மத்தியானம் வேலை செய்தேன். லிம் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். வேகமான வெர்ஷன் என்று சொல்லி மெதுவாக ஓடவைக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா இருக்கு. இதுக்குப் பேரு பாதுகாப்பு வசதி. மேடம்கிட்ட நான் பேசிக்கறேன் லா."

பழைய வேன், புது வெர்ஷன்

வெள்ளிக்கிழமை வேன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மேடம் கோ தானே வேனுக்குள் ஏறி, மிச்சமிருந்த பன்னை எண்ணினார். கீழே நின்று நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வேனில் மெஷின் சொன்னதும் தட்டில் இருந்ததும் ஒன்று. எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவது வேன், சரி. ரஹீம் தன் வேன் வந்ததும் தானே கதவைத் திறந்து, தன் பன்களைத் தானே பெருமையாகக் காட்டினார். அதுவும் சரி. வீராசாமி அண்ணன் வேன்தான் கடைசி. அவர் போகிற கடைகள் அதிகம், தட்டுகிற வேகமும் அதிகம். மேடம் கோ இரண்டு தடவை எண்ணினார். பிறகு இறங்கி வந்து, மடிப்புக் கலையாத தன் பாவாடையிலிருந்து ரொட்டித் தூளைத் தட்டிவிட்டார். எல்லா வேனுக்கும் மெஷின் கொண்டு வாருங்கள் என்று அந்த அம்மாள் சொன்னபோது, நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. லிம் என்னைத் திரும்பிப் பார்த்து, நாளையிலிருந்து நீ நிரந்தரம் என்றார். ஓடிப்போய் ஃபிலோமினாவுக்குப் போன் போடவேண்டும் போலிருந்தது.

அதற்கு முன் வீராசாமி அண்ணனிடம் போனேன். எனக்கு அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க ஆசை. வீட்டில் கேசட்டோடு போராடி, வேனில் ஏறி, ஆமையை முயலாக்கி, முயலைத் திரும்ப ஆமை மாதிரி நடக்கப் பழக்கி, இத்தனையும் பண்ணியிருக்கிறேனே! "புது வெர்ஷன் எப்படி இருக்கு அண்ணே?" என்றேன். அவர் மெஷினை எடுத்து, என் கண்ணெதிரில் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டிக் காட்டி, முகமெல்லாம் மலரச் சொன்னார்: "இப்பதான் தம்பி ஒழுங்கா இருக்கு. எதையும் மாத்தாம, பழைய மாதிரியே விட்டுட்டீங்க பாத்தீங்களா, அதுதான் கெட்டிக்காரத்தனம்!"

பழையதைப் பழைய மாதிரியே வைத்திருப்பதற்கு ஒருவன் மாதக்கணக்கில் புதிது புதிதாக எழுதவேண்டியிருக்கிறது என்பதும், அதற்குத்தான் அப்டேட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும், வேலை நிரந்தரமான அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.